எம்.ஐ என்றால் மில்



நம் தலைக்கு மேலே அவ்வப்போது தடதடவென்று கடந்து போகும் ராணுவ ஹெலிகாப்டர் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும், சூலூர் என்று சொல்லிவிடும். பல்லடத்திலிருந்து கோவை ரோட்டில் போனால் வருகிற விமானப்படைத் தளம் அது. அங்கிருந்து பறக்கும் பெரிய ஹெலிகாப்டரின் பெயர் எம்.ஐ-17 என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் அருகே நடந்த விபத்தில், முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை நாடு இழந்தது. அன்று சூலூரிலிருந்து கிளம்பியது இந்த வகை ஹெலிகாப்டர்தான். இயந்திரக் கோளாறு காரணமில்லை, வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தவறியது என்று விமானப்படையின் விசாரணை சொன்னது.

அந்த நாட்களில் எம்.ஐ-17 என்ற பெயரை நாம் நூறு தடவையாவது படித்திருப்போம். அந்த இரண்டு எழுத்து எதைக் குறிக்கிறது என்று யோசித்தீர்களா? அது ஒரு மனிதரின் பெயர். மிகயீல் மில் என்ற ரஷ்யப் பொறியாளர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வாழ்க்கையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் இதையும் ஒரு கணக்குப் பிள்ளையின் கண்ணால்தான் பார்க்க முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில் 1909 நவம்பர் 22-ம் தேதி சைபீரியாவில் உள்ள இர்குட்ஸ்க் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். அப்பா ரயில்வே ஊழியர், அம்மா பல் மருத்துவர். பன்னிரண்டு வயதில் அவர் செய்த மாதிரி விமானம் ஒரு போட்டியில் பரிசு வாங்கியது. 1926-ல் டோம்ஸ்க் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் முதல் அடி. புரட்சி நடந்து பத்து வருடம் ஆகாத காலம். தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கே படிப்பில் முன்னுரிமை. மில் அந்தக் கணக்கில் வரவில்லை என்று கல்லூரியை விட்டு வெளியேற்றினார்கள். பையன் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. நோவசிபிர்ஸ்க் நகரில் ஒரு தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தான். 1928-ல் நாட்டின் இன்னொரு கோடியில், நோவோசெர்காஸ்க் என்ற ஊரிலுள்ள பாலிடெக்னிக் கல்லூரியில் மறுபடி இடம் கிடைத்தது. 1931-ல் படிப்பை முடித்து, மாஸ்கோவில் உள்ள மத்திய விமான ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை ஆட்டோஜைரோ. அது என்ன என்று கேட்பீர்கள். உடுமலை, பல்லடம் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று வந்து இறக்கையைச் சுற்றுகிறது. ஹெலிகாப்டரில் நேர் எதிர்: எஞ்சின் இறக்கையைச் சுற்றுகிறது, இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் வண்டி மேலே எழும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று ஆட்டோஜைரோ. முன்னால் விமானம் போல ஒரு விசிறி இழுக்கும். தலைக்கு மேலே உள்ள பெரிய இறக்கை எஞ்சின் இல்லாமல் எதிர்க்காற்றிலேயே சுற்றித் தூக்கும். நின்ற இடத்தில் மிதக்க அதனால் முடியாது. நிகோலாய் காமோவ் என்ற இன்னொரு பெரிய பொறியாளரிடம் துணையாக இருந்து மில் இந்த வித்தையைப் படித்தார். 1941-ல் ஜெர்மனி படையெடுத்தபோது ஆட்டோஜைரோப் படைப்பிரிவோடு போர்முனைக்கும் போனார். போரின் நடுவிலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1945-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் பறக்கத் தொடங்கிவிட்டது. அதைச் செய்தவர் ஈகர் சிகோர்ஸ்கி. கீவ் நகரில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டை விட்டுப் போனவர். போனவர் அங்கே செய்ததை, இருந்தவர்கள் இங்கே செய்தாக வேண்டும் என்ற நிலை. 1947 டிசம்பரில் மில்லுக்குத் தனி வடிவமைப்பு நிலையம் கொடுத்தார்கள். முதல் வேலை, மூன்று பேர் உட்காரக்கூடிய சிறிய ஹெலிகாப்டர். அதுதான் எம்.ஐ-1.

1948 செப்டம்பரில் அது பறந்தது. ஓட்டியவர் மத்வேய் பைகாலோவ் என்ற சோதனை விமானி. அடுத்து நடந்ததைச் சற்று நிதானமாகப் படியுங்கள். மில்லின் மீதி வாழ்க்கை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் வண்டியை உயரத்தில் சோதிக்கும்போது, குளிரில் கிரீஸ் உறைந்து இயக்கும் கருவிகள் இறுகிவிட்டன. பைகாலோவ் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். வண்டி போனது. அவர் பயந்து ஒதுங்கவில்லை. இரண்டாவது வண்டியையும் அவரே ஓட்டினார். 1949 மார்ச்சில் அதுவும் விழுந்தது. இந்த முறை அவர் தப்பவில்லை. வால் பக்கத்தில் இருக்கும் சிறு விசிறிக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு முறிந்திருந்தது. வெல்டிங்கில் இருந்த ஒரு குறைதான் காரணம்.

அந்த வால் விசிறி எதற்கு? எஞ்சின் பெரிய இறக்கையை ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்தச் சிறு விசிறி. அது நின்றால் வண்டி பம்பரமாகிவிடும். எல்லா வரைபடமும் சரி, எல்லாக் கணக்கும் சரி, ஒரு பற்றவைப்பு மட்டும் சரியில்லை. ஒரு உயிர் போயிற்று.

மூன்றாவது வண்டியோடு வேலை தொடர்ந்தது. எம்.ஐ-1 உற்பத்திக்குப் போனது. ஆனால் மில் அதன் பிறகு ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரு பாகம் எவ்வளவு பலமானது என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு நேரம் பலமாக இருக்கும் என்றும் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து மடக்கி நிமிர்த்துங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. இருபதாவது தடவை பட்டென்று உடையும். ஹெலிகாப்டர் இறக்கைக்கும் அதே கதை. முன்னோக்கி வரும்போது எதிர்க்காற்று அதிகம், பின்னோக்கிப் போகும்போது குறைவு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை மேலும் கீழும் வளைகிறது. மில்லின் பிற்கால வண்டியில் பெரிய இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று. பெருக்கிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் பதினோராயிரம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. உள்ளே உலோகம் களைத்துக்கொண்டே இருக்கும்.

வணிகவியல் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: தேய்மானம். திருப்பூரில் நிட்டிங் மெஷினுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கியில் முதலில் பார்ப்பது மெஷினின் விலையை அல்ல, ஆயுளை. நாங்கள் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேரேட்டில் கழித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். தேய்மானத்தில் தப்பு வந்தால் எங்களுக்கு லாபக் கணக்கு கெடும். மில்லுக்குத் தப்பு வந்தால் ஆள் போய்விடும்.

அந்தக் காலத்து இறக்கை எப்படி இருந்தது தெரியுமா? நடுவில் இரும்புக் குழாய், அதன்மேல் மர விலா எலும்பு, அதற்கு மேல் பிளைவுட்டும் துணியும். ஆம், துணிதான். நம் ஊர்க்காரர்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; ஈரத்தில் கனம் ஏறும், வெயிலில் நூல் வலு இழக்கும். இப்படிப்பட்ட இறக்கையை மிகக் குறைந்த மணி நேரத்துக்கே நம்பிப் பறக்க முடிந்தது. அந்த மணிக் கணக்கு தீர்ந்ததும், பார்க்கப் புதிது போல இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். மில்லும் அவருடைய ஆட்களும் பாகங்களைத் தரையில் வைத்து, உடையும் வரை ஆட்டி ஆட்டிச் சோதித்தார்கள். முழு வண்டியையும் தரையோடு கட்டிப்போட்டு ஓட்டினார்கள். பிறகு முழுக்க உலோகத்தில் இறக்கை வந்தது. சில நூறு மணிக்கே தயங்கியது போய், ஆயிரம் மணியைத் தாண்டியது.

இதற்கு நடுவில்தான் பெரிய சோதனை வந்தது. 1951-ல் ஸ்டாலின் விமான வடிவமைப்பாளர்களைக் கிரெம்ளினுக்கு வரச் சொன்னார். கொரியப் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வேலை செய்துகொண்டிருந்த நேரம். படைவீரர்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் வேண்டும், அதுவும் ஒரே வருடத்தில். விமானத்தில் பேர் போன பெரியவர்கள் சிலர் இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். யாகவ்லேவ் பெரிய வண்டியையும், மில் பன்னிரண்டு பேர் ஏறும் வண்டியையும் ஏற்றார்கள். ஸ்டாலின் காலத்தில் ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் போவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

1952 ஜூனில் எம்.ஐ-4 பறந்தது. தரையில் இறக்கையைச் சுற்றத் தொடங்கும்போதே அது கட்டுக்கடங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது பெரிய தலைவலியாக இருந்தது. இறக்கையின் முன்விளிம்பில் எடை சேர்த்து அதை அடக்கினார்கள். வண்டியின் பின்பக்கத்தில் இரட்டைக் கதவு. அதன் வழியாக ஒரு ஜீப்பையே உள்ளே ஏற்றலாம். 3,000-க்கும் மேல் செய்தார்கள். 1960 முதல் நம் விமானப்படையிலும் அது வந்தது.

அந்த எம்.ஐ-4 நமக்கு என்ன செய்தது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1971 டிசம்பரில் வங்கதேசப் போர். மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. கடல் போல அகலமான ஆறு. தளபதி சகத் சிங் பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. எம்.ஐ-4 ஹெலிகாப்டர்களில் படையை ஏற்றி, தடவை தடவையாக அக்கரையில் இறக்கினார். டாக்கா போகும் வழி திறந்தது. சில நாட்களில் போர் முடிந்தது. அதைப் பார்க்க மில் உயிரோடு இல்லை.

எம்.ஐ-4-க்குப் பின் மில் பெரிது பெரிதாகப் போனார். 1957-ல் எம்.ஐ-6. இறக்கையின் குறுக்களவு 35 மீட்டர், 12 டன் சரக்கு ஏற்றும். 1961-ல் அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. அதற்கு அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கம் ஒரு பரிசு வைத்திருந்தது. பரிசின் பெயர் சிகோர்ஸ்கி கோப்பை. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் அதை ரஷ்ய வண்டிக்கே கொடுத்தார்கள். இது எனக்குப் பிடித்த செய்தி.

அடுத்து வந்தது வி-12. உலகத்தில் இதுவரை பறந்த ஹெலிகாப்டர்களிலேயே மிகப் பெரியது இதுதான். ரோடே இல்லாத இடங்களுக்குப் பெரிய ஏவுகணைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ராணுவம் கேட்டது. அவ்வளவு கனத்துக்கு ஒரே இறக்கைத் தொகுதி போதாது. மில் எம்.ஐ-6-ன் இறக்கைத் தொகுதிகள் இரண்டை, விமானம் போன்ற உடலின் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என வைத்தார். இரண்டும் எதிரெதிராகச் சுற்றும். ஒன்றின் முறுக்கை மற்றொன்று சமன் செய்துவிடும். வால் விசிறியே தேவையில்லை. நான்கு எஞ்சின். ஒவ்வொன்றும் 6,500 குதிரைத்திறன். ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனை வரை 67 மீட்டர். ஜம்போ ஜெட் விமானத்தைவிட அகலம்.

1967 ஜூன் 27-ல் முதல் தடவை தரையை விட்டு எழும்பியது. உடனே ஆடத் தொடங்கியது. வண்டியின் அதிர்வு விமானியின் கைப்பிடிக்கு வர, கைப்பிடி ஆடியதில் வண்டி இன்னும் ஆட, ஆட்டம் ஏறிக்கொண்டே போனது. சட்டென்று கீழே இறக்கினார்கள். சக்கரம் சேதமானது, உயிர்ச்சேதம் இல்லை. இன்னொருவராக இருந்தால் மறுவாரமே பறக்கவிட்டிருப்பார். காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்கள். 1968 ஜூலை 10-ல் ஒழுங்காகப் பறந்தது.

1969 ஆகஸ்ட் 6-ம் தேதி வி-12 செய்ததை நம் ஊர் அளவில் சொல்கிறேன். இங்கிருந்து தூத்துக்குடிக்குப் போகும் 40 அடி கன்டெய்னர், முழுக்க ஏற்றினாலும் மொத்தம் சுமார் 30 டன்னில் நின்றுவிடும். வி-12 அன்று தூக்கியது 44,205 கிலோ. தூக்கிய உயரம் 2,255 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஊட்டியின் உயரம். அந்தச் சாதனையை இன்று வரை எந்த ஹெலிகாப்டரும் முறியடிக்கவில்லை.

அதன் பிறகு ஆறு மாதம்கூட மில் இல்லை. 1970 ஜனவரி 31-ல் மாஸ்கோவில் காலமானார். வயது 60. 1971-ல் வி-12 பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் போய் உலகமே வாய்பிளந்து பார்த்தது. ஆனால் யாருக்காகச் செய்தார்களோ, அந்த ராணுவத்துக்கு இப்போது அது தேவைப்படவில்லை. ஏவுகணைத் திட்டங்கள் மாறிவிட்டன. 1974-ல் வேலையை நிறுத்தினார்கள். மொத்தம் செய்தது இரண்டே இரண்டு வண்டி. ஒன்று இன்றும் மாஸ்கோ அருகே மொனினோ அருங்காட்சியகத்தில் வெயிலிலும் பனியிலும் நிற்கிறது.

கணக்குப் பிள்ளையாக இதைப் பார்த்தால் முழு நஷ்டம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்கக்கூடாது. மறு பக்கத்தையும் பாருங்கள்.

வி-12 வரைபலகையில் இருந்த அதே வருடங்களில், மில் இன்னொரு சாதாரண வேலையும் செய்துகொண்டிருந்தார். பழைய எம்.ஐ-4-ல் பிஸ்டன் எஞ்சினை எடுத்துவிட்டு டர்பைன் எஞ்சின் வைக்கும் வேலை. பழசைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். 1961-ல் ஒற்றை எஞ்சினோடு அது பறந்தது. மில்லுக்குத் திருப்தி இல்லை. ஒரு எஞ்சின் நின்றாலும் இன்னொன்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பொருத்தமான எஞ்சின் கையில் இல்லை. எஞ்சின் நிபுணர் இசோடோவிடம் பேசி, புதிதாகவே செய்ய வைத்தார். 1962-ல் இரட்டை எஞ்சினோடு பறந்தது. நான்கு இறக்கை ஐந்தானது. அதுதான் எம்.ஐ-8. அதன் தம்பிதான் சூலூரில் இருக்கும் எம்.ஐ-17.

இன்று வரை அந்தக் குடும்பத்தில் 12,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். நம் விமானப்படையில் எம்.ஐ-8 1972-ல் சேர்ந்து, 2017 டிசம்பரில் பெங்களூரு எலகங்காவில்தான் விடைபெற்றது. 45 வருடம்! நம்மில் யாரும் ஒரே வேலையில் அவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டோம். வி-12-க்குக் கொடுத்த பெரும் சுமை வேலையையும் மில்லின் சீடர் மராத் திஷென்கோ வேறு வழியில் முடித்தார். எட்டு இறக்கை கொண்ட ஒரே சுழலியில் 20 டன் தூக்கும் எம்.ஐ-26 1977-ல் பறந்தது. 1986-ல் அது நமக்கும் வந்தது.

2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தண்டவாளம் போயிற்று, ரோடும் போயிற்று. அப்போது உணவுப் பொட்டலங்களோடு போனது விமானப்படை ஹெலிகாப்டர்தான். ரோடு இல்லாத இடத்துக்கு என்று ஸ்டாலின் காலத்தில் தொடங்கிய வேலை, தாமிரபரணிக் கரை வரை வந்திருக்கிறது.

இவ்வளவையும் நம் குடியிருப்போர் சங்க இதழில் ஏன் எழுதுகிறேன் என்றால், மில்லிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. உடைந்தால் மாற்றலாம் என்பது ஒரு பழக்கம். நன்றாக ஓடும்போதே, நாள் முடிந்துவிட்டது என்று கழற்றி மாற்றுவது இன்னொரு பழக்கம். ஹெலிகாப்டர் உலகம் இரண்டாவது பழக்கத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மணிக் கணக்கு, அதை எழுதிவைக்க ஒரு புத்தகம். பைகாலோவ் போன்றவர்கள் உயிரைக் கொடுத்து எழுதிய கணக்கு அது.

நம் வீட்டிலும் அப்படிச் சில பாகங்கள் உண்டு. கேஸ் அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; டியூபின் மேலேயே வருடம் அச்சடித்திருக்கும். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். படிக்கட்டுப் பக்கம் தொங்கும் தீயணைப்பான் சிலிண்டரில் தேதிச் சீட்டு இருக்கிறது. லிப்ட் கம்பி வடத்துக்கும் சோதனை நாள் உண்டு. நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க மாத்தணும் என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். கேட்பது நியாயம்தான், பணம் நம்முடையது. பதில் இதுதான்: நல்லாயிருக்கும்போது மாற்றினால் செலவு கணக்கில் ஏறும், அதோடு முடிந்துவிடும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு முறை சமையலறைக்குப் போய் அந்த டியூபில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐந்து தாண்டியிருந்தால் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.